இருபதில் பிடித்த ராக் நாற்பதில் ஏன் கசக்கிறது?

ரிஃப்ராசா | 9 ஜனவரி 2024

ஒரு வாதம் வைக்கிறேன், முடிந்தால் உடையுங்கள். வயது ஏற ஏற ராக் ரசனையின் வேகம் குறைந்துகொண்டே போகும். இருபதில் மெட்டாலிக்கா, அயர்ன் மெய்டன். முப்பதில் பிங்க் ஃப்ளாய்ட். நாற்பதில் ஃப்ளீட்வுட் மேக். ஐம்பதில் கிதாரையே தலைமுழுகிவிட்டு ஜாஸ் பியானோ. எல்லோரும் ஏறுவது இதே படிக்கட்டுதான். ஆதாரம் வேண்டுமா? ஒரு காலத்தில் தேயத் தேயக் கேட்ட ஹெவி ஆல்பம் ஒன்றை இன்று ஸ்ட்ரீமிங்கில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது பாட்டில் தலை கனக்கும், கை தானாக வால்யூமைக் குறைக்கும். ரசனை மாறிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

தடிச்சரம் | 9 ஜனவரி 2024

தலை கனப்பதற்குப் பெயர் ரசனை இல்லை. எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, உடம்புக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, ஆனாலும் அடுத்த பாட்டுக்குப் போக மனசு வரவில்லை என்றால் அதை ரசனைக் கணக்கில் எழுதலாம். உங்கள் புகாரில் முதலில் விசாரிக்க வேண்டியவை நான்கு: எந்தப் பதிப்பு, எவ்வளவு சத்தம், எதில் கேட்கிறீர்கள், அந்தப் பாட்டை ஏற்கெனவே எவ்வளவு கேட்டுத் தீர்த்திருக்கிறீர்கள். இந்த நான்கையும் கழித்த பிறகு நிற்பதுதான் உண்மையான மாற்றம். ஒன்றுமே நிற்காது என்று சொல்லவில்லை. நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் நிற்கும்.

பதிப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இங்கேதான் ஊரையே ஏமாற்றியிருக்கிறார்கள். ஓஸி ஆஸ்பர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 1980, 1981இல் வந்தவை. 2002 மறுவெளியீட்டில் பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் புதிதாக வாசிக்க வைத்து ஒட்டினார்கள். ராண்டி ரோட்ஸின் கிதார் அப்படியே இருக்கிறது, அதன் அடியில் ஓடுவது இருபது வருடம் கழித்து வேறு யாரோ வாசித்தது. அசல் திரும்பி வந்தது 2011இல். இடைப்பட்ட காலத்தில் சிடி வாங்கிவிட்டு 'முன்பு போல இல்லையே, நமக்கு வயசாகிவிட்டது' என்று நினைத்த ஆளுக்கு வயசு ஆகவே இல்லை.

இசெட் இசெட் டாப் இன்னொரு கதை. 1987இல் பழைய ஆல்பங்களைச் சிடித் தொகுப்பாகப் போட்டபோது, எழுபதுகளின் உலர்ந்த டெக்சஸ் டிரம்ஸுக்கு மேல் எண்பதுகளின் டிஜிட்டல் எதிரொலியைப் பூசினார்கள். பல வருடம் கடைகளில் கிடைத்தது அந்தப் பூச்சுதான்.

ஒலிமேசை | 10 ஜனவரி 2024

மேலே இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன, பிரித்துக்கொள்ளலாம். ரீமாஸ்டர் என்றால் முடிந்த ஸ்டீரியோ கலவையின் மேல் மட்டும் கை வைப்பது: ஈக்வலைசர் (அடி, மேல்சுர அளவு), கம்ப்ரஷன் (ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது), மொத்த சத்தம். ரீமிக்ஸ் என்றால் பல தட டேப்புக்கே திரும்பிப் போய் கிதார், பேஸ், டிரம்ஸ், குரல் ஒவ்வொன்றின் அளவையும் இடத்தையும் மறுபடி முடிவு செய்வது. இசெட் இசெட் டாப் ரீமிக்ஸ். ஓஸி அதையும் தாண்டி மறுபதிவு. ஜெத்ரோ டல்லின் 1971 'அக்வாலங்'கை ஸ்டீவன் வில்சன் 2011இல் ரீமிக்ஸ் செய்தார். அதில் அசலின் ஒலி சுமார் என்று முதலிலிருந்தே பேச்சு உண்டு, ரீமிக்ஸ் நல்லதே செய்தது. ரஷ் 2002இல் போட்ட 'வேப்பர் டிரெயில்ஸ்' வாசிப்பு பிரமாதம், ஒலி கொடூரம். 2013இல் டேவிட் பாட்ரில் ரீமிக்ஸ் வந்த பிறகுதான் அந்த ஆல்பத்தில் பேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. முதல் பதிப்பைக் கேட்டு ரஷ்ஷைக் கைவிட்டவர்கள் ரசனையால் கைவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

இப்போது தலை கனப்பு. ஒரு ஸ்நேர் (டிரம்ஸில் நறுக்கென்று ஒலிக்கும் முரசு) அடியின் உச்சி சில மில்லிசெகண்டுதான் நிற்கும். நன்றாகப் பதிவான ராக்கில் அந்த உச்சி, சுற்றியுள்ள கிதாரின் சராசரி மட்டத்தைவிட 10 டெசிபெலுக்கும் மேலே எழும். மொத்தப் பாட்டையும் சத்தமாக்க வேண்டுமென்றால் அந்த உச்சிகள் இடிக்கும். லிமிட்டரால் (ஒரு மட்டத்துக்கு மேல் ஒலியை எழவிடாத கருவி) அவற்றைச் செதுக்கிவிட்டு மீதியை மேலே தூக்குவார்கள். விளைவாக டிரம்ஸ் கிதாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அடிக்கும் அடிக்கும் நடுவே இருந்த இறக்கம் போய்விடும். பரம்படித்த வயல் மாதிரி ஒரே மட்டம். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' (செப்டம்பர் 2008) இதற்குப் பாடப்புத்தக உதாரணம். டைனமிக் ரேஞ்ச் மீட்டரில் (உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை எண்ணாகக் காட்டுவது, எண் குறைந்தால் ஒரே மட்டம்) 3 காட்டும். அதே பாட்டுகள் கிதார் ஹீரோ விளையாட்டுக்கு இந்தக் கடைசிச் செதுக்கல் இல்லாமல் போயிருந்தன, அதனால் ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கொதித்தார்கள். மனுவெல்லாம் போட்டார்கள். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலி மெருகு) செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே அது அப்படித்தான் இருந்தது என்று சொன்னதும் அப்போது வெளிவந்தது.

அரைவேகம் | 10 ஜனவரி 2024

டெத் மேக்னெட்டிக்கை இருபது வயசுப் பையனாலும் ஒரே மூச்சில் கேட்க முடியாது. அது வயசுப் பிரச்சினை இல்லை, மனித உரிமைப் பிரச்சினை.

ரிஃப்ராசா | 11 ஜனவரி 2024

சரி, கையில் இருக்கும் பதிப்பு எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது எப்படி? ஸ்ட்ரீமிங்கில் 1984 என்று போட்டிருக்கிறது, 1984 ஒலிதானா?

ஒலிமேசை | 12 ஜனவரி 2024

ஆண்டை நம்பாதீர்கள். அசல் வெளியீட்டு ஆண்டைப் போட்டுவிட்டு ஒலிக்கோப்பு 2012 ரீமாஸ்டராக இருப்பது சர்வசாதாரணம். பாட்டின் பெயர் பக்கத்தில் 'ரீமாஸ்டர்' என்று இல்லாவிட்டாலும் அடியில் ஒலிப்பதிவு உரிமை வரியைப் பாருங்கள், சில சமயம் அங்கே உண்மையான ஆண்டு தட்டுப்படும்.

கோப்பு கையில் இருந்தால் வேலை சுலபம். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு நிரலில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். மேலும் கீழும் முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. இரண்டு ஓரமும் கத்தரித்த செங்கல் மாதிரி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. எண் வேண்டுமென்றால் ஃபூபார்2000 என்ற பிளேயர் நிரலில் டைனமிக் ரேஞ்ச் மீட்டர் இணைப்பைப் போட்டு ஆல்பம் முழுவதையும் அளக்கவும். எண்பதுகளின் முதல் சிடிக்கள் பெரும்பாலும் 11இலிருந்து 14 வரை காட்டும். 8 சமாளிக்கலாம். 6க்குக் கீழே போனால் முழு ஆல்பமாகக் கேட்பது கஷ்டம், எந்த வயதிலும்.

ஒரு எச்சரிக்கை. எல்பியிலிருந்து எடுத்த கோப்பை இந்த மீட்டரில் அளந்துவிட்டு 'பார், வினைல் 12, சிடி 7' என்று சண்டைக்கு வராதீர்கள். ஊசியும் தட்டை வெட்டும் கட்டரும் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) கலைப்பதால், அதே செதுக்கப்பட்ட மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டுகூட அதிக எண் காட்டும். செதுக்கினது திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

தடிச்சரம் | 12 ஜனவரி 2024

ஒப்பிடும்போது எல்லோரும் சறுக்கும் இடம் சத்தம். ஒரு டெசிபெல் கூடுதலாக இருக்கும் கோப்பு 'உயிரோட்டமாக' இருப்பதாகத் தோன்றும், அது எந்தக் குப்பையாக இருந்தாலும். ஆகவே முதலில் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஃபூபாரில் இரண்டு கோப்பையும் ரீப்ளேகெய்ன் (சத்தத்தை அளந்து சமன் செய்யும் வசதி) அலசல் செய்து, வாசிக்கும்போது அது அமலில் இருக்கும்படி வைக்கவும். பிறகு ஏபிஎக்ஸ் (எது எதுவென்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனை) இணைப்பில் இரண்டையும் தேர்ந்தெடுக்கவும். தொடக்கம் அரை செகண்ட் முன்னே பின்னே இருந்தால் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், எனவே முதல் அடியில் இரண்டையும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்காக நடக்க 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். 9, 10 என்று நின்றால் உங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றே. பதிப்பைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போகலாம்.

ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவர்கள் சத்தச் சமன்பாட்டை அணைக்காமல் வையுங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு), ஆப்பிளின் சவுண்ட் செக் மைனஸ் 16. யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், மெதுவானதைத் தூக்காது. இந்தச் சமன்பாட்டில் செதுக்கிய மாஸ்டர் கீழே இறங்கிச் சப்பையாகிவிடும், பழைய மாஸ்டர் ஸ்நேரோடு நிமிர்ந்து நிற்கும். ஆல்பத்தை வரிசையாகக் கேளுங்கள். ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு பாட்டும் தனியாகச் சமன் செய்யப்படும், மெதுவான கிதார் முன்னுரை எல்லாம் முழு ரிஃப்புக்குச் சமமாகக் கத்தும். ஆல்பத்தின் ஏற்ற இறக்கமே போச்சு.

அரைவேகம் | 15 ஜனவரி 2024

படிக்கட்டுக்கு வருகிறேன். நாற்பதில் ஃப்ளீட்வுட் மேக் என்கிறீர்கள், எந்த ஃப்ளீட்வுட் மேக்? 1968இன் பீட்டர் கிரீன் ப்ளூஸ் பேண்டா, 1977இல் 'ரூமர்ஸ்' போட்டதா? நடுவில் பாடகர்களும் கிதாரிஸ்டுகளும் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். மாறாமல் உட்கார்ந்திருந்தது டிரம்ஸில் மிக் ஃப்ளீட்வுட், பேஸில் ஜான் மெக்வீ. பேண்டின் பெயரே அந்த இரண்டு பேர்தான். பேண்டும் தன் ரசனையை மாற்றிக்கொண்டே போகும்போது கேட்பவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

வேகம் குறையும் என்பதையும் ஏற்க மாட்டேன். வயதானால் வேகம் குறைந்த இசை பிடிக்கும், சரி. ஆனால் வேகம் குறைந்ததிலேயே மிகக் கனமானது டூம் மெட்டல். 1971இல் பிளாக் சபாத் மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டுகளுக்குக் கிதாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார்கள். அவர்களுடைய இடதுகைக் கிதாரிஸ்ட் டோனி அயோமிக்கு, நரம்பை அழுத்தும் வலது கையில் இரண்டு விரல் நுனி தொழிற்சாலை எந்திரத்தில் போனது. நரம்பு தளர்ந்தால் அவருக்கு அழுத்துவது சுலபம். அந்த இறக்கத்திலிருந்து கிளம்பியதுதான் டூம், ஸ்லட்ஜ், டிரோன் என்ற மெதுவான, கனமான மெட்டல் வகைகளின் முழு வம்சமும். ஐம்பது வயதில் ஜாஸுக்குப் போனவர்களையும் தெரியும், 'சன்' என்ற டிரோன் மெட்டல் பேண்டுக்குப் போனவர்களையும் தெரியும். இரண்டு கூட்டமும் மெதுவாகத்தான் போகிறது.

தடிச்சரம் | 21 ஜனவரி 2024

காது. யாரும் பேச விரும்பாத பகுதி, ஆனால் இதை விட்டுவிட்டு ரசனையைப் பற்றிப் பேசுவது வீண்.

வயதோடு முதலில் கழன்றுபோவது உச்ச அதிர்வெண்கள். ஐம்பதை ஒட்டி 14,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பலருக்கு ஒன்றும் கேட்காது. இதனால் இழப்பது கொஞ்சம் சிம்பலின் பளபளப்பு மட்டுமே, பாட்டு இழப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில். சத்தத்தால் வரும் சேதம் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை, குறிப்பாக 4,000 அருகே பள்ளம் விழுத்தும். டிஸ்டார்ஷன் கிதாரின் கடிக்கும் பகுதியும், பாடகரின் மெய்யெழுத்துகளும், ஸ்நேரின் நறுக்கும் அந்த வட்டாரத்தில்தான் குடியிருக்கின்றன.

பள்ளம் விழுந்தால் கேட்காமல் போகும் என்று மட்டும் நினைக்கிறோம். உள்காது சேதத்தில் இன்னொரு கோளாறு கூட வரும்: மெதுவான ஒலி கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். நடுவில் இருக்க வேண்டிய இதமான பட்டை குறுகிவிடுகிறது. ரிஃப்ராசா சொன்ன 'மூன்றாவது பாட்டில் கை தானாக வால்யூமுக்குப் போகிறது' என்பதை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது: காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ ஆடியாலஜிஸ்டிடமோ தூய ஒலிச் சோதனை. 250இலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை அளந்து ஒரு கோடு வரைந்து தருவார்கள். 4,000இல் இறங்கி 8,000இல் மறுபடி ஏறினால் அது சத்தத்தின் கைவேலை. நேராகச் சரிந்துகொண்டே போனால் வயது. ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் ஆல்பத்தை ஆராயாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அதில் நாள் தள்ளினால் மருந்து வேலை செய்யும் வாய்ப்பு குறையும்.

அளவு கணக்கு: அமெரிக்காவின் நியோஷ் (பணியிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம்) வரையறைப்படி 85 டெசிபெலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் 15 நிமிடம். கச்சேரியில் ஸ்பீக்கர் பக்கம் நின்றால் முதல் மூன்று பாட்டுக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். ஏசி/டிசி பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே இறங்கியது காதுக்காகத்தான்.

ஒலிமேசை | 21 ஜனவரி 2024

இதோடு சேர்த்து எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: சத்தம் குறைவாக இருப்பதும் ராக்கைக் கொல்லும். காது எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரி கேட்பதில்லை, சத்தம் குறையக் குறைய முதலில் விலகுவது அடிச்சுரம். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிய விஷயம். இருபதில் அறைக்கதவை மூடிக்கொண்டு கேட்டதை, நாற்பதில் பிள்ளைகள் தூங்கிய பிறகு கால்வாசி வால்யூமில் கேட்டால் பேஸும் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) காணாமல் போய் கிதாரின் கீச்சு மட்டும் மிஞ்சும். அப்படிக் கேட்டால் எந்த ஹார்ட் ராக்கும் கொசுக்கடிதான். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இதற்குத்தான்.

இப்போது அந்தப் பொத்தான் இல்லாதவர்களுக்கு: ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஷெல்ஃபாக, அதாவது கீழே உள்ளது முழுவதையும், 4 டெசிபெல் ஏற்றவும். அதே அளவு முன்மட்டத்தை (ப்ரீஆம்ப்) குறைக்கவும், இல்லையென்றால் உச்சியில் கிழியும். கடிக்கிறது என்றால் 3,000 ஹெர்ட்ஸை மையமாக வைத்து, க்யூ (பட்டையின் அகலம்) 1 சுமாராக, 2 அல்லது 3 டெசிபெல் இறக்கவும். அதற்கு மேல் இறக்கினால் குரல் கம்பளிக்குள் போய்விடும். கேட்காமல் போன 14,000ஐ ஏற்றுவதில் பயனில்லை, உங்களுக்குக் கேட்காது, பக்கத்தில் இருப்பவருக்குப் பல் கூசும்.

இயர்பட் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்னால் ரப்பர் முனையைச் சோதியுங்கள். 50 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு பட்டை லேசாக உள்ளே அழுத்தவும். அழுத்தியதும் பேஸ் பெருத்தால் காதில் காற்று கசிகிறது, ஒரு அளவு பெரிய முனை போட வேண்டும். 'வயதானதும் ஹெவி மெட்டல் மெலிந்துவிட்டது' என்ற புகாரில் கணிசமான பகுதியை இந்தச் சின்ன ரப்பர் தீர்த்துவிடும்.

ரிஃப்ராசா | 3 பிப்ரவரி 2024

கேட்பதற்கு முன்னால் இவ்வளவு வேலை என்றால் ஜாஸே மேல்.

சும்மா சொன்னேன். ரப்பர், சத்தம், பதிப்பு மூன்றையும் சரி செய்தாயிற்று. ஆல்பங்கள் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. மீதி வரவில்லை. சில பாட்டின் முதல் இரண்டு அடியிலேயே விரல் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது. இப்போதாவது ரசனை என்று ஒப்புக்கொள்வீர்களா?

தடிச்சரம் | 4 பிப்ரவரி 2024

பாதி. முதலில் சலிப்பைக் கழிக்க வேண்டும். பழகப் பழகப் பிடிக்கும், ஒரு கட்டத்துக்கு மேல் பழகினால் பிடிக்காது. உளவியலில் பெர்லைன் எழுபதுகளின் தொடக்கத்தில் இதைத் தலைகீழ் யூ வடிவ வளைகோடாகப் போட்டார். எளிய பாட்டு சீக்கிரம் உச்சிக்கு ஏறி சீக்கிரம் இறங்கும், சிக்கலானது தாமதமாக ஏறும். 'படிக்கட்டு' என்று நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி இதுதான். எளிய ரிஃப் முதலில் தீர்ந்துபோகிறது, பன்னிரண்டு நிமிட பிராக் ராக் (நீண்ட, சிக்கலான ராக் வகை) இன்னும் தீரவில்லை. ரசிகன் முதிர்ந்துவிட்டான் என்று பட்டம் கொடுப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

கிளாசிக் ராக் வானொலியும் பட்டியல்களும் ஒரு பேண்டுக்கு இரண்டு மூன்று பாட்டு வீதம் திரும்பத் திரும்ப ஓட்டித் தேய்த்துவிடும். கசந்துபோனது அந்த மூன்று பாட்டுதான், பேண்ட் இல்லை. சோதிக்க வழி: அதே ஆல்பத்தில் அந்த ஹிட்டை விலக்கிவிட்டு, எல்பியாக இருந்தால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கும் பாட்டைப் போடுங்கள். அது பிடித்தால் பேண்ட் உங்களிடம்தான் இருக்கிறது. ஹிட்டுக்குச் சில மாதம் ஓய்வு கொடுங்கள். ஓய்வென்றால் பின்னணியிலும் ஓடக்கூடாது.

ஆராய்ச்சி கேட்பீர்கள். ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக மனிதர்களுக்கு மிகப் பிடித்த பாட்டுகள் அவர்களுடைய 23, 24 வயதை ஒட்டி வெளியானவையாக இருந்தன. 2013இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வில், ஆவேசமான இசைமேல் விருப்பம் இளமையில் அதிகமாகவும் பிறகு குறைந்தும் காணப்பட்டது. இரண்டும் உங்கள் கட்சிக்குச் சாதகம் போலத் தெரியும். ஆனால் இரண்டாவதில் ஒரே ஆளை நாற்பது வருடம் பின்தொடரவில்லை. வேறு வேறு வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுபது வயதுக்காரருக்கு மெட்டல் பிடிக்கவில்லை என்றால், வயதால் உதிர்ந்ததா, அவர் இளமையில் மெட்டலே பிறக்கவில்லையா என்பதை அந்த எண் சொல்லாது.

அரைவேகம் | 4 பிப்ரவரி 2024

இரண்டாம் பக்கத்தின் நடுவில் என்றதும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் ஆல்பங்களைப் பலர் கைவிட்டதற்கு நீளமும் காரணம். எல்பி ஒரு பக்கம் இருபது நிமிடம் சுமார், மொத்தம் நாற்பது. சிடியில் 74 நிமிடம் இடம் கிடைத்ததும் இலைநிறையப் பரிமாறத் தொடங்கினார்கள். கன்ஸ் அன்ட் ரோசஸ் 1991 செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு ஆல்பம் போட்டது, ஒவ்வொன்றும் 75 நிமிடத்தை ஒட்டி. இரண்டையும் சேர்த்து நாற்பத்தைந்து நிமிடப் பட்டியலாக வெட்டிப் பாருங்கள், அசத்தலான ஒரே ஆல்பம் கிடைக்கும். எதை வெட்டுவது என்று இங்கே கேட்டுவிடாதீர்கள், இழை தீப்பிடிக்கும்.

ஒலிமேசை | 6 பிப்ரவரி 2024

நம் ஊர்க் கேசட் தலைமுறைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. டால்பி பி போட்டுப் பதிந்த கேசட்டை டால்பி இல்லாத டேப் ரெக்கார்டரில் ஓட்டினால் மேல்சுரம், குறிப்பாக மெதுவான இடங்களில், தூக்கலாக ஒலிக்கும். பதியும்போது மேல்சுரத்தை 10 டெசிபெல் வரை ஏற்றி, வாசிக்கும்போது இறக்குவதுதான் டால்பி. இறக்கும் சுற்று இல்லையென்றால் ஏற்றினது ஏற்றினபடியே நிற்கும். அதிலேயே பழகின காதுக்குப் பிறகு சரியான சிடி 'மந்தமாக' இருக்கும். இது தவிர, மோட்டார் வேகமும் டெக்குக்கு டெக் மாறும். பாட்டு கொஞ்சம் வேகமாக, சுருதி கொஞ்சம் மேலே. அசல் வேகத்தில் கேட்டால் பேண்ட் தூங்குவதாகத் தோன்றும்.

தலைகீழ் கோளாறும் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கச் சிடிக்களில் சில 'ப்ரீஎம்ஃபசிஸ்' உடன், அதாவது மேல்சுரத்தை ஏற்றிப் பதிந்து, வந்தவை. பிளேயரே அதை உணர்ந்து மேல்சுரத்தை இறக்கிவிடும். கணினியில் ரிப் செய்யும்போது பல நிரல்கள் சிடியில் இருக்கும் அந்த அடையாளக் குறியைக் கண்டுகொள்ளாது. உச்சத்தில் ஏறக்குறைய 10 டெசிபெல் அதிகமாக, காதைக் கிழிக்கும் கோப்பு கிடைக்கும். சாக்ஸ் நிரலில் 'டீஎம்ஃப்' கட்டளை கொடுத்தால் சரியாகும். பிளேயரில் நன்றாக இருந்து கணினியில் மட்டும் கடிக்கிற பழைய சிடி இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தடிச்சரம் | 18 மார்ச் 2024

இப்போது உண்மையான மாற்றம். எனக்குத் தெரிந்து அது பேண்டிலிருந்து பேண்டுக்குத் தாவுவதில் இல்லை. ஒரே பாட்டுக்குள் கவனம் இடம் மாறுகிறது. தொடக்கத்தில் எல்லோரும் கேட்பது குரலையும் கிதார் சோலோவையும். பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கி டிரம்ஸும் பேஸும் என்ன பேசிக்கொள்கின்றன என்பதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இறக்கம் நடந்ததும் சோலோவை நம்பியிருந்த பேண்டுகள் வெளிறும், தாளத்தை நம்பியிருந்தவை தழைக்கும்.

ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸை எடுங்கள். சாதாரண ராக் டிரம்மர் வலது கையால் ஹைஹாட்டை (ஜோடிச் சிம்பல்) எட்டு எட்டாகத் தட்டிக்கொண்டே, இரண்டாம் நான்காம் அடியில் இடது கையால் ஸ்நேர் அடிப்பார். வாட்ஸ் ஸ்நேர் விழும் அந்தக் கணத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். அந்த இடத்தில் ஹைஹாட் இருக்காது, ஸ்நேர் தன்னந்தனியாக விழும். முப்பது வருடம் கேட்டும் கவனிக்காமல் இருக்கலாம், ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு அந்த பேண்டில் கேட்பது அதை மட்டும்தான். பழைய கச்சேரி வீடியோக்களில் கண்ணாலேயே பார்க்கலாம்.

லெட் செப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹம் விஷயமும் அப்படி. அவர்களுடைய நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ஹெட்லி கிரேஞ்ச் வீட்டின் கூடத்தில் டிரம்ஸைப் போட்டு, மாடிப்படிக் கிணற்றின் மேலேயிருந்து இரண்டு பேயர் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் மைக் இல்லை. அந்த இடிமுழக்கம் முழுக்க வீட்டின் காற்று. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஹ்யூ பாட்காமும் டிரம்மர் ஃபில் காலின்ஸும் எதிரொலியைப் பெரிதாக்கிப் பட்டென்று வெட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள், 1980இல் வெளியான பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக. அடுத்த பத்து வருடம் உலகமே அந்த ஸ்நேர். எண்பதுகளின் ராக் பிடிக்கவில்லை என்பவர்களிடம் பாட்டு பிடிக்கவில்லையா, ஸ்நேர் பிடிக்கவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். அதே பாட்டின் வெறும் கிதார் வடிவம் பிடித்தால் விடை தெரிந்துவிட்டது.

கவனத்தைக் கீழே இறக்கிப் பழக:

முதல் முறை 250 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும் ஃபில்டர் போட்டு ஒரு பாட்டு முழுக்கக் கேளுங்கள். கிக்கும் பேஸும் சேர்ந்து விழுகின்றனவா, ஒன்று முந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். உடனே ஃபில்டரை எடுத்துவிட்டு அதே பாட்டு. மூன்றாவது முறை, ஒரு சேனலைத் தலைகீழாக்கி இரண்டையும் மோனோவாகச் சேர்க்கவும், ஆடாசிட்டியில் ஒரு நிமிட வேலை. நடுவில் இருக்கும் குரல், பேஸ், கிக், ஸ்நேர் எல்லாம் பெரும்பாலும் மறைந்து, ஓரத்துக் கிதார்களும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். எவ்வளவு கிதார் ஒளிந்திருந்தது என்று அப்போது தெரியும். அறுபதுகளின் ஸ்டீரியோவில் டிரம்ஸையே ஒரு ஓரத்தில் தள்ளியிருப்பார்கள், அங்கே இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒரு பக்க இயர்பட்டைக் கழற்றினாலே போதும்.

ரிஃப்ராசா | 2 ஜூன் 2024

படிக்கட்டை வாபஸ் வாங்கவில்லை. ஒரு திருத்தம் வைக்கிறேன்: படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அது ஒரே வீட்டுக்குள் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்குகிறது.

இப்போது வேறு சந்தேகம். மெட்டாலிக்காவின் 1988 ஆல்பம், 'ஜஸ்டிஸ்'. 250 ஹெர்ட்ஸ் வித்தையைப் போட்டேன். கிக் டப் டப் என்று கேட்கிறது, அதோடு கிதார் மாதிரி ஏதோ உறுமுகிறது. பேஸ் எங்கே? 2018இல் மறுபடி வெளியிட்டார்களே, அதில் இருக்குமா?

ஒலிமேசை | 2 ஜூன் 2024

இருக்காது. பேஸிஸ்ட் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸைக் கலவையிலேயே அமுக்கிவிட்டார்கள், வாசிப்பும் பெரும்பாலும் ரிதம் கிதாரை ஒட்டியே போகிறது. 2018இல் வந்தது ரீமாஸ்டர். மூட்டையாகக் கட்டின கலவையிலிருந்து ரீமாஸ்டரால் பேஸை மட்டும் பிரித்து ஏற்ற முடியாது. அதற்கு ரீமிக்ஸ் வேண்டும், பேண்ட் அதைச் செய்யவில்லை. 80 ஹெர்ட்ஸை ஏற்றினால் கிக் வீங்கும், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட உறுமல், ரிதம் கிதார் வாசிக்கும் ஹெட்ஃபீல்ட் வலது உள்ளங்கையால் நரம்பை அமுக்கி வாசிப்பது.

அரைவேகம் | 3 ஜூன் 2024

பேஸே இல்லாத ஆல்பத்தில் போய் பேஸ் கேட்கப் பழகுகிறீர்களே. பிளாக் சபாத்தின் பேஸிஸ்ட் கீசர் பட்லரிலிருந்து தொடங்குங்கள். சபாத்தின் முதல் ஆல்பம், 1970, ஒரே நாளில் பதிந்தது. இடது பக்கம், வலது பக்கம் எல்லாம் தேட வேண்டாம், தானே வந்து நிற்பார்.